வேகம் ஐம்பது

அந்தக் குடும்பத்தில் மூன்று பிள்ளைகள். மூத்தவள் அக்கா, கடைசியில் தம்பி. இடையில் பிறந்ததால் இவளுக்கு நடுக்குட்டி என்று பெயர் விழுந்தது. நாற்பத்தேழு வயதாகியும் அந்தப் பெயர் உதிரவில்லை. வெளியில் அவள் நில அளவையாளர். பதினெட்டு வருடமாக முக்காலியும் நாடாவும் குறிப்பு நோட்டுமாக மேட்டிலும் பள்ளத்திலும் நின்றவள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் படம் எடுப்பாள். அதுவும் ஃபிலிம் போடும் பழைய கேமராவில். "முப்பத்தாறோட நின்னுடும் பாருங்க, அதான் எனக்குப் பிடிச்சிருக்கு. போன்ல எடுத்தா முந்நூறு எடுத்துட்டு ஒண்ணையும் பாக்கறதில்ல" என்பாள்.

போன வருடம் அவள் வலது கை நடுங்கத் தொடங்கியது. மடியில் சும்மா கிடக்கும்போது ஒன்றுமில்லை. பேனா, கரண்டி, சாவி என்று எதையாவது பிடித்தால்தான் ஆடும். அவள் யாரிடமும் சொல்லவில்லை. நடுக்குட்டிக்கு நடுக்கம் என்று பெயரை வைத்தே கேலி செய்வார்கள் என்று தனக்குத்தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டாள். உண்மையில் அது பயம். அலுவலகத்தில் ஒருவருக்கு இப்படித்தான் கையில் தொடங்கியது. இரண்டே வருடத்தில் சட்டைப் பொத்தான் போட்டுவிட ஆள் தேவைப்பட்டது.

கையை மறைக்க முடிந்தது. படங்களை மறைக்க முடியவில்லை.

ஃபிலிம் விற்கும் கடை ஒரு வணிக வளாகத்தின் இரண்டாவது மாடியில், தையல் மிஷின் பழுது பார்க்கும் கடைக்கும் மூக்குக் கண்ணாடிக் கடைக்கும் இடையில் இருந்தது. கடைக்காரர் ஒல்லியான மனிதர். கழுத்தில் ஓர் உருப்பெருக்கி எப்போதும் தொங்கும். ஃபிலிம் ரோல்களைத் தன் சாப்பாட்டு டப்பாவோடு ஒரே ஃபிரிட்ஜில் வைத்திருப்பார். அவள் கடைசியாகக் கொடுத்த நான்கு ரோல்களைக் கழுவி, நெகட்டிவை விளக்குப் பலகைமேல் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஃபோகஸ் தப்பில்லைங்க. கேமரா ஆடியிருக்கு."

"காத்து அடிச்சுது" என்றாள்.

"நாலு ரோலுக்குமா?"

அவர் மேலே துருவவில்லை. "இப்ப நானூறு வேக ஃபிலிம் போடறீங்க. எண்ணூறு போட்டுப் பாருங்க. வேகம் கூடக்கூட ஃபிலிம் வெளிச்சத்த லபக்குனு வாங்கிக்கும். ஷட்டர் பட்டுனு மூடிடும். கை ஆடறது தெரியாது."

விலையைக் கேட்டாள். ஒரு எண்ணூறு வாங்கும் காசில் மூன்று நூறு வாங்கலாம்.

"ஏங்க, படம் எடுக்கச் சொல்றீங்களா, சம்பளத்தக் கொளுத்தச் சொல்றீங்களா?"

"வேகத்துக்குக் காசுங்க. பஸ்ஸுக்கும் பிளேனுக்கும் ஒரே டிக்கெட்டா?"

அவள் கண்ணாடிப் பெட்டிமேல் இடது கையை ஊன்றி யோசித்தாள். கருவி ஆடுகிறதென்றால் சீக்கிரம் பார்த்துக் குறித்துக்கொண்டு ஓடு என்று எந்த அளவையாளரும் சொல்ல மாட்டார். முக்காலியில் வை, மட்டம் காட்டும் குமிழி நடுவுக்கு வரட்டும், அப்புறம் பார் என்பார்கள். எண்ணூறு போட்டால் கையிலேயே பிடித்துவிடலாம் என்ற ஆசை வரும். கை இன்னும் ஆட ஆட இன்னும் விலை கூடிய ஃபிலிம் தேட வேண்டியதுதான். முக்காலியில் வைத்துவிட்டால் ஃபிலிம் எவ்வளவு மெதுவாக இருந்தால் என்ன?

"மெதுவான கலர் ஃபிலிம்ல மலிவா என்ன இருக்கு?"

கடைக்காரர் உருப்பெருக்கியைக் கீழே விட்டார். "ஆடற கேமராவுக்கு மெதுவான ஃபிலிமா? தலைவலிக்கு செவுத்துல முட்டிக்கற மாதிரி இருக்கே."

"ஸ்டாண்ட்ல வெப்பேன். கையே படாது."

அவர் ஃபிரிட்ஜைத் திறந்து, சாப்பாட்டு டப்பாவை ஒதுக்கி, மூன்று ரோல்களை எடுத்து வைத்தார். முதலாவது, புதிய நூறு, கம்பெனிப் பெட்டியோடு. இரண்டாவதும் நூறுதான், தேதி முடிந்து மூன்று வருடம், பாதி விலை. மூன்றாவது ஐம்பது. சினிமாவுக்கென்று பெரிய சுருளாக வருவதை இவரே இருட்டில் வெட்டிப் பழைய டப்பிகளில் சுற்றி, காகித நாடா ஒட்டிப் பேனாவால் '50' என்று எழுதியிருந்தார். மூன்றிலும் அதுதான் மலிவு.

"இது ஏன் இவ்ளோ கம்மி?"

"பின்னாடி ஒரு கறுப்புப் பூச்சு இருக்கும். அத மொதல்ல சோடா மாவுத் தண்ணில ஊற வெச்சுக் கழட்டணும். கையெல்லாம் கரி. அதனால மாசத்துக்கு ஒரு தடவதான் கழுவுவேன். காத்திருக்கறதுக்கு இங்க யாருக்குப் பொறும இருக்கு?"

மூன்றையும் வாங்கிக்கொண்டாள். எது நல்லது என்று அவரிடம் கேட்கவில்லை. அளந்து பார்க்காமல் எதையும் நம்பிப் பழக்கமில்லை அவளுக்கு.

அவள் கணவர் தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பவர். அலுவலகத்தில் கழித்துக் கட்டிய மர முக்காலி ஒன்றை அவள் முன்பே ஏலத்தில் எடுத்து வைத்திருந்தாள். ஆளைவிடக் கனம். அதன் திருகு பெரியது, கேமராவின் துளை சிறியது. அவர் ஒரு பித்தளைத் துண்டைக் கடைந்து இரண்டுக்கும் பொருந்தும்படி ஓர் இணைப்பு செய்து கொடுத்தார். எதற்கு என்று கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு, வீட்டுக்குப் பின்னால் சாம்பல் சுவரோரம் அவரை உட்கார வைத்தாள். பக்கத்தில் சிவப்பு வாளி, கொடியில் அவருடைய நீல வேலைச்சட்டை, ஒரு தொட்டிச் செடி. ஒவ்வொரு ஃபிலிமிலும் அதே காட்சி: கணக்குப்படி வெளிச்சம் விட்டு ஒன்று, இரு மடங்கு விட்டு ஒன்று, பாதி விட்டு ஒன்று. எல்லாவற்றையும் குறிப்பு நோட்டில் கட்டம் போட்டு எழுதினாள்.

"என் மூஞ்சி என்ன, பெயிண்ட் கடை அட்டையா?" என்றார் அவர்.

"தோல் நெறம் சரியா விழுதான்னு பாக்கணும். அசையாதீங்க."

"நாப்பது நிமிஷமா உக்காந்திருக்கேன். எறும்பு ஏறுது."

பென்சிலால் எழுதும்போது எண்கள் கோணல் மாணலாக விழுந்தன. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார். "ஒரு வருஷமா உனக்கு டீய முக்கா டம்ளர்தான் ஊத்தறேன். கவனிச்சியா?"

அவள் பென்சிலை நிறுத்தினாள்.

"சிந்துச்சுன்னா நீ சங்கடப்படுவ. அதான். நீயா சொல்லுவன்னு இருந்தேன்."

"சொல்லணும்" என்றாள். "இந்த ரோல் முடியட்டும்."

அன்று அதற்குமேல் இருவரும் அதைப் பேசவில்லை. ஆனால் வீட்டில் ஒருவருக்காவது தெரியும் என்பதே அவளுக்குத் தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல இருந்தது.

நூறுகள் இரண்டும் இரண்டே நாளில் வந்தன. ஐம்பதுக்கு மாதக் கடைசி வரை காத்திருந்தாள். தேதி முடிந்த ஃபிலிமில் சாம்பல் சுவர் ரோஸ் நிறமாகியிருந்தது. கணவர் வேகவைத்து எடுத்தவர் மாதிரி இருந்தார். புதிய நூறு குறை சொல்ல முடியாதது. வாளியின் சிவப்பு மட்டும் கண்ணை உறுத்திக் கொஞ்சம் கத்தியது. ஐம்பதில் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்த படம் நீலம் பாய்ந்து செத்துக் கிடந்தது. ஆனால் இரு மடங்கு விட்ட படத்தை உருப்பெருக்கியில் பார்த்தபோது அவள் கொஞ்ச நேரம் தலை தூக்கவில்லை. பொடிப்பொடியான புள்ளிகள் எங்குமே இல்லை. அவர் தாடையில் சவரம் விட்டுப்போன நாலு முடி தனித்தனியாகத் தெரிந்தது. நீலம் நீலமாக, தோல் தோலாக இருந்தது.

"இதுக்கு வெளிச்சத்தத் தாராளமாக் குடுக்கணும். கஞ்சத்தனம் பண்ணா மூஞ்சத் தூக்கி வெச்சுக்கும்" என்றார் கடைக்காரர்.

"எங்கிட்ட நேரம் இருக்கு. ஐம்பதுல மூணு குடுங்க."

அந்த வாரம்தான் அக்கா போன் செய்தாள்.

அக்கா நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள். தனியாக இருந்தாள். மகள் வேலை பார்க்கும் தூரத்து நகரத்துக்கே போய்விட முடிவு செய்து, வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தாள். "போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு படம் வேணும். மூணு பேரும் இருக்கற மாதிரி. போன்ல எடுக்காத. நீ எடுப்பியே, அதுல எடு."

"தம்பியையும் கூப்பிடட்டுமா?" என்று நம்ப முடியாமல் கேட்டாள்.

"மூணு பேருன்னா மூணு பேருதான். எனக்கு எண்ணத் தெரியும்."

அக்காவும் தம்பியும் பேசி ஏழு வருடம். அப்போது வெளியூரில் இருந்த அக்காவுக்கு ஓர் அறுவைச் சிகிச்சை நடந்து, படுக்கையில் இருந்தாள். அதே வாரம் அப்பா இங்கே ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். தம்பிதான் கூட இருந்தான். அக்கா போனில் கேட்டபோதெல்லாம் "சாதாரணக் காய்ச்சல்தான்" என்றான். ஒன்பதாம் நாள் அப்பா போய்விட்டார். அக்கா தையல் பிரிக்காத வயிற்றோடு வந்து, மூடிய துணியைத்தான் பார்த்தாள். "எங்கிட்டருந்து மறைச்சவன் எனக்குத் தம்பியே இல்ல" என்றாள். அவன் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை.

அக்காவுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அக்காவுக்குச் சொல்ல வேண்டாம் என்று முதலில் சொன்னவள் நடுக்குட்டிதான். சொன்னால் தையலோடு ஓடிவருவாள், அவளுக்கும் ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தாள். தம்பி சரி என்றான். பழி வந்தபோது அவள் பெயரை அவன் எடுக்கவே இல்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று அவளும் ஏழு வருடத்தைக் கடத்திவிட்டாள்.

படத்தில் தானும் இருக்க வேண்டும் என்பதால், கடைக்காரரிடம் நீண்ட குழாய் பொருத்திய ரப்பர் உருண்டை ஒன்றை வாங்கினாள். குழாயின் மறுமுனை கேமராவின் பொத்தானில் திருகியிருக்கும். உருண்டையை அமுக்கினால் காற்று போய் ஷட்டரைத் திறக்கும், விட்டால் மூடும். கை எவ்வளவு நடுங்கினாலும் குழாயைத் தாண்டி கேமராவுக்குப் போகாது.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அக்கா வீட்டில் ஒரு முதுகில்லாத நாற்காலியும் இருபது அட்டைப் பெட்டி நிறையப் புத்தகங்களும் மட்டும் மிச்சம் இருந்தன. பெரிய சன்னல் வழியாக மேகம் மூடிய வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. தம்பி ஏற்கெனவே வந்து வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியார்; சும்மா நிற்கும்போதும் கால் கட்டைவிரலில் எம்பிக்கொண்டே இருப்பான்.

"அவன உள்ள வந்து உக்காரச் சொல்லு" என்றாள் அக்கா.

"பரவால்லன்னு சொல்லு" என்றான் தம்பி.

"கேட்டுச்சா ரெண்டு பேருக்கும்? நான் நடுவுல தபால்காரியா?" என்றபடி அவள் முக்காலியை விரித்து, குமிழியைப் பார்த்து மட்டம் செய்தாள். நாடாவை எடுத்து லென்ஸுக்கும் அக்காவின் மூக்குக்கும் இடையில் பிடித்தாள்.

"என்னடி, எனக்குப் பட்டா போடப் போறியா?"

"ஃபோகஸ்க்கு. ரெண்டு மீட்டர் நாப்பது. மூக்க நகத்தாத."

எல்லாம் சரியாகப் போயிற்று, ஃபிலிமைக் கேமராவில் மாட்டும் வரை. ஃபிலிமின் நாக்கை ஒரு மெல்லிய பிளவுக்குள் நுழைக்க வேண்டும். அந்த ஞாயிறுக்குப் பிறகு வீட்டில் கணவர் மாட்டித் தருவார். இங்கே அவளே செய்ய வேண்டியிருந்தது. கை ஆடியது. நாக்கு பிளவின் இந்தப் பக்கம் இடித்தது, அந்தப் பக்கம் இடித்தது. முதுகைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாம் தடவை டப்பி கை நழுவித் தரையில் உருண்டது.

தம்பி அதை எடுத்துக்கொண்டு வந்தான். அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து வந்தாள். இருவரும் அவளுடைய கையைத்தான் பார்த்தார்கள்.

"என்ன இது?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்ல."

"எவ்ளோ நாளா?"

"ஒரு வருஷம்."

"டாக்டர்கிட்ட போனியா?"

அவள் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். அக்காவின் குரல் ஏறியது. "ஒரு வருஷம்! ஒரு வார்த்த சொல்லல. வாராவாரம் போன்ல சாப்டியா தூங்குனியான்னு கேக்கறேன், நல்லாருக்கேன் நல்லாருக்கேன்னு சொல்ற. மறைக்கறது இவன் புத்தின்னு நெனச்சேன். நீயுமாடி?"

அப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

"நான் அப்பவே மறைச்சவதான் அக்கா. அப்பா விஷயத்துல. உனக்குச் சொல்ல வேணாம்னு மொதல்ல சொன்னது நான். அவன் இல்ல."

"ஏய், விடு இப்ப" என்றான் தம்பி.

"நீ சும்மா இரு. ஏழு வருஷம் சும்மா இருந்தது போதும்." அவள் அக்காவைப் பார்த்தாள். "உன் தையல் பிரிஞ்சுடும்னு பயந்தேன். அப்பாவுக்கு அவ்ளோ சீக்கிரம் ஆகும்னு நெனைக்கல. நீ அவனத் திட்டுனப்ப வாயத் தொறந்திருக்கணும். தொறக்கல."

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அக்கா தம்பியிடம் திரும்பினாள். ஏழு வருடத்துக்குப் பிறகு அவனிடம் நேராகக் கேட்டாள்.

"ஏன்டா சொல்லல?"

தம்பி ஃபிலிம் டப்பியை உள்ளங்கையில் உருட்டினான். "சரின்னு தலையாட்டுனது நான்தானே. போன்ல பொய் சொன்னதும் என் வாய்தான். இவ பேர வேற இழுத்து என்ன ஆகப்போகுது? உனக்கு ஒருத்தராவது மிச்சம் இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

அக்கா சன்னல் பக்கம் போய் நின்றாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அவளப் படத்த எடுக்கச் சொல்லு. வெளிச்சம் போகுது" என்றாள். தம்பியிடம்தான் சொன்னாள்.

தம்பி ஃபிலிமை மாட்டினான். அவள் வெளிச்சத்தை அளந்தாள். மேகம் கனத்திருந்தது, ஐம்பதுக்கு இரண்டு விநாடி தேவை. குழாயை இழுத்துக்கொண்டு வந்து அக்காவின் பக்கத்தில் ஒரு புத்தகப் பெட்டிமேல் உட்கார்ந்தாள். தம்பி பின்னால் நின்றான், எம்பிக்கொண்டே.

"நீ ஆடுவ. எதையாவது பிடிச்சுக்கோ" என்றாள் நடுக்குட்டி.

"எதப் பிடிக்கறது? இந்த நாற்காலிக்கு முதுகே இல்ல."

"அக்கா தோள்ல வை."

அவன் கை பாதியில் நின்றது.

"வெக்கட்டும்" என்றாள் அக்கா, கேமராவைப் பார்த்தபடி. "நான் என்ன, தொட்டா ஒடஞ்சு போற பொம்மையா?"

அவன் வைத்தான். அவள் உருண்டையை அமுக்கி, ஒன்று, இரண்டு என்று எண்ணி, பிடியை விட்டாள். ஒவ்வொரு தடவையும் தம்பி போய் ஃபிலிமைச் சுற்றிவிட்டு, மறுபடி வந்து அதே தோளில் கை வைத்தான். நான்காவது படத்தின்போது புத்தகப் பெட்டி நசுங்கி அவள் ஒரு பக்கம் சரிந்தாள். தம்பி சிரித்துவிட்டான். அக்கா சிரிக்கவில்லை. "பெட்டில அகராதி இருக்கு. முதுகொடிச்சுடாத" என்று மட்டும் சொன்னாள், யாரிடம் என்று தெரியாமல். ஏழாவது படத்தோடு வெளிச்சம் போதவில்லை.

கிளம்பும்போது அக்கா தம்பியிடம், "எதாவது சாப்ட்டுட்டுப் போடா" என்றாள். பிறகு, நடுக்குட்டி அவர்கள் காலடியிலேயே முக்காலியை மடக்கிக்கொண்டிருக்க, "அவள திங்கக்கெழம டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. சாக்குச் சொன்னா தூக்கிட்டுப் போ" என்றாள்.

இப்போது தபால்காரன் தம்பி; அக்காவின் பேச்சு இவளுக்கு நேராக வரவில்லை. அவள் வாயை மூடிக்கொண்டு ஏற்றுக்கொண்டாள். பங்கு போட்டிருக்க வேண்டிய கோபம். ஏழு வருடம் ஒருவன் தலையில் மட்டும் இருந்தது.

திங்கட்கிழமை தம்பி அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்தான். டாக்டர் அவளைச் சுருள் வரையச் சொன்னார், தண்ணீர் டம்ளரைத் தூக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார், கையை மடியில் போடச் சொல்லிக் கவனித்தார். அவள் பயந்த வியாதி அல்ல என்றார். வேலை செய்யும்போது மட்டும் வருகிற நடுக்கம். முற்றிலும் போகாது, ஆனால் மாத்திரையில் குறையும். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அவள் அழுதாள். தம்பி பக்கத்தில் நின்று எம்பிக்கொண்டே இருந்தான்.

"ஒரு வருஷம் முன்னாடியே வந்திருக்கலாம்" என்றாள்.

"வந்திருக்கலாம். எந்திரி, பசிக்குது."

அலுவலகத்திலும் சொன்னாள். மேலதிகாரி கொஞ்சம் யோசித்துவிட்டு, புதிய கருவியைத் தொடாமலே ரிமோட்டில் இயக்கலாமே, ஏன் இத்தனை நாள் கையால் அமுக்கிக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டார்.

படங்கள் வர மாதக் கடைசியாகிவிட்டது. அதற்குள் அக்கா ஊருக்குப் போயிருந்தாள். போன் எதுவும் இல்லை. ஏழில் ஐந்து நன்றாக இருந்தன. முதல் படத்தில் தம்பியின் கை புகையாக இருந்தது. வைக்கலாமா என்று தயங்கிய கை. நான்காவதில் மூவருமே கலங்கலாக விழுந்திருந்தார்கள். ஐந்தையும் பெரிதாக அச்சிட்டு அக்காவுக்குத் தபாலில் அனுப்பினாள்.

பத்து நாள் கழித்து அக்கா அவளுக்கே போன் செய்தாள்.

"அஞ்சாவது படத்த சட்டம் போடக் குடுத்துட்டேன்."

"அதுல நீ கண்ண மூடியிருக்கியே அக்கா. மூணாவது நல்லாருக்குமே."

"என் மூஞ்சிய நான் தெனம் கண்ணாடில பாக்கறேன். அதுல அவன் நல்லா விழுந்திருக்கான்." கொஞ்சம் நிறுத்தினாள். "நீயும்தான். மாத்திர ஒழுங்காப் போடறியா?"

"போடறேன்."

"பொய் சொன்னா எனக்குத் தெரிஞ்சுடும். இனிமே உன் வீட்டுக்காரர்கிட்டயும் கேப்பேன்."

அடுத்த ஞாயிறு அவள் மறுபடி இரண்டாவது மாடிக்கு ஏறினாள். ஐம்பது தீர்ந்துவிட்டது என்றார் கடைக்காரர். பெரிய சுருள் எப்போது வரும் என்று தெரியாது, வந்தாலும் இந்த விலைக்கு வராது.

"அப்ப புது நூறு ரெண்டு குடுங்க" என்றாள். "செவப்பு கொஞ்சம் கத்தும். பாத்துக்கறேன்."